நாற்பத்தைந்து

மாயெபாஷியில் மழை விட்ட கார் நிறுத்தம்.
பின்சக்கரத்தின் மேல், மட்கார்டு உதட்டில் நூலை ஒட்டி
ஐந்து யென் காசைத் தொங்கவிட்டாள் மிசுஸு.
காசு ஆடி அடங்கும்வரை குந்தியிருந்தாள்.
நூலுக்கும் ரிம்முக்கும் நடுவே இருபத்திரண்டு மில்லி.

ஏழரை அங்குலம் ஒன்பதானால்
வெளியே பத்தொன்பது, உள்ளே பத்தொன்பது.
உள்ளே ஷாக் அப்சார்பர் இருக்கிறது,
அதுவும் மூச்சு விட வேண்டும்.
ஆஃப்செட் நாற்பத்தைந்தை நாற்பத்திரண்டாக்கினால்
மிச்சம் பூஜ்யம்.
இஸ்திரி மடிப்பு மாதிரி ஒரே கோடு.
மயிரிழை துருத்தினாலும்
சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெட்ரோல் ரசீதின் முதுகில் மூன்று தடவை கூட்டினாள்.
மூன்று தடவையும் பூஜ்யம்.
தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

யோஹெய் வந்தான், இரண்டு காபி டின்னோடு.
கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.
வண்டி இரண்டு விரல் இறங்கியது.
காசு தரை தட்டி நூல் தளர்ந்தது.

“இறங்கட்டுமா?”

“அசையாதே.”
நூலைக் குட்டையாக முடிந்து மறுபடி தொங்கவிட்டாள்.
பூஜ்யத்தில் நின்றால், இவன் ஏறிய ஒவ்வொரு பள்ளத்திலும்
மட்கார்டு டயரைக் கடிக்கும்.

நாற்பத்திரண்டை அடித்துவிட்டு
நாற்பத்தைந்து என்று எழுதினாள்.

காலி வண்டியைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள்,
கொஞ்சம் உள்வாங்கிக் கிடக்கிறதே என்று.
சொல்லட்டும்.
காபி ஆறுகிறது.