இரவல்

மூன்று குளிர்காலம் என் கொட்டகையில் கிடந்தது
யல்மாரியின் சங்கிலி ரம்பம்.
இரவல் கேட்டது நான்.
திருப்பித் தராததும் நான்தான்.
இடையில் எல்லைக்கல் தகராறு,
முகம் பார்ப்பதில்லை.

நேற்று ராத்திரிப் புயலில்
குவோப்பியோ சாலைக்கு இறங்கும் எங்கள் ஒரே பாதையில்
குறுக்கே விழுந்தது ஒரு ஸ்ப்ரூஸ்.

வந்து நின்றான். வணக்கம் சொல்லவில்லை.
“அது கிளம்புமா, ஐலி?”

கயிற்றை இழுத்தேன். இருபது தடவை.
ஒரு இருமல்கூட இல்லை.
டேங்க் மூடியைத் திறந்தால்
பெட்ரோல் வாசம் போய் வார்னிஷ் வாசம்.
“காலி பண்ணி வைக்கத் தெரியாதா?”
“நிரப்பித்தானே கொடுத்தாய்.”

பழையதைக் கொட்டினோம்.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி
என் கம்பளிச் சட்டைக் கையில் துடைத்தான், கேட்காமலே.
கார்புரேட்டருக்குள் தேன் நிறத்தில் பிசின்.
எரிபொருள் குழாயை லேசாய் வளைத்தேன்,
காய்ந்த சேமியாவாய் ஒடிந்தது.

சட்டைப் பையிலிருந்து எடுத்தான்
புதுக் குழாய்,
அளவாய் நறுக்கியது.
எத்தனை நாளாய்ப் பையில் இருந்ததோ,
நான் கேட்கவில்லை.

அப்புறமும் கிளம்பவில்லை.
சோக்கை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து
தோள்பட்டை கழன்றுவிடும் போலானபோது
அவன்தான் பார்த்தான்:
சுவிட்ச்,
மூன்று வருடமாய் ‘நிறுத்து’ பக்கமே சாய்ந்து.

நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த இழுப்பில் நீலப் புகை.
ஏரிக்கு அக்கரைவரை ஓர் அலறல்.
அந்தச் சத்தத்துக்குள் யல்மாரி ஏதோ சொன்னான்.
காதில் விழவில்லை.
விழுந்த மாதிரி தலையாட்டினேன்,
அறுபடப்போகும் கிளையின் மறுமுனையைப்
பிடித்துக்கொண்டு.