கிளைப்பாதை

குவோப்பியோ மருத்துவமனையில், டிசம்பரில்,
டாக்டர் சர்க்கா திரையைத் திருப்பிக் காட்டினார்.
நடுமூளைத் தமனி இரண்டாகக் கவைபடும் இடத்தில்
ஒரு குமிழ். ஏழு மில்லிமீட்டர்.
இலையுதிர் காலத்தில் வாளி வாளியாகப் பறிப்போமே,
அந்தச் சிவப்புக் காட்டுப்பழம். அவ்வளவுதான்.

இருபத்தாறு வருடம் பியெக்சமாக்கி சந்திப்பில்
தடம் மாற்றுகிறவள் நான்.
கவையைப் பற்றி எனக்குச் சொல்லவேண்டாம்.
முதலில் தேய்வது அங்கேதான்.
இரும்பே பொறுக்காததை
ரத்தக்குழாய் எங்கே பொறுக்கும்.

"கிளிப் என்றால் மண்டையைத் திறக்கவேண்டும்.
சுருள்கம்பி நிற்காது, கழுத்து அகலம்.
இல்லையென்றால் இது" என்று
ஒரு பின்னலை என் உள்ளங்கையில் வைத்தார்.
முடியைவிட மெல்லிய கம்பிகள், குழலாக.
குமிழை இது தொடாது.
வாசலைத் தாண்டிப் போகும்.
ஓட்டம் தன் வழியே போய்விட
உள்ளே சிக்கிய ரத்தம் சோம்பி, உறையும்.
ஒரு தொல்லை:
கிளையின் வாயிலும் வலை விழும்.

அந்தக் கிளையில் என்னென்ன ஊர்கள் என்று கேட்டேன்.
"வலது கை. கொஞ்சம் பேச்சு."

முன்பொரு முறை
பால்பண்ணைக் கிராமத்துக் கிளைப்பாதையை மூடினார்கள்.
கடைசி வண்டியில் மூன்று பேர்.
பொத்தானை அழுத்தியது இந்த வலது கை.
சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டதும் இதுதான்.

விழித்ததும் பெயர் கேட்டார்கள்.
ஐலா தொய்வானென்.
விரலை மடக்கச் சொன்னார்கள், மடங்கியது.
ஒரு படத்தை நீட்டினார்கள்.
அது என்னவென்று தெரியும் எனக்கு.
சூப் குடிப்பது. உலோகம். குழிவானது.
சொல் மட்டும் நிலையத்துக்கு வெளியே
சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தது.
நாற்பது நிமிடம்.
பிறகு "கரண்டி!" என்று நான் கத்தியதில்
பக்கத்துக் கட்டில்காரி விழித்துக்கொண்டாள்.

அப்புறம் மாத்திரைகள்.
கதவு லேசாக இடித்தாலும் கன்றிப்போகும் உடம்பு.
தும்மப் பயம்.
பனி அள்ள ஏன்சியோ விடவில்லை,
நானும் வற்புறுத்தவில்லை.

ஜூனில் மறுபடி சாயம் ஏற்றிப் பார்த்தார்கள்.
குமிழில் பாதிக்கு மேல் இருட்டு. முழுக்க இல்லை.
ஏரி கரையிலிருந்து உறைவதுபோல
கம்பிகளின் மேல் சவ்வு படர்ந்துகொண்டிருக்கிறதாம்.
கிளை நூலாக இளைத்திருந்தது.

"கை?" என்றார் சர்க்கா.
மேஜையிலிருந்த அவர் பேனாவை எடுத்து நீட்டினேன்.
அவர் நகத்தால் திரையைத் தொட்டார்.
பின்பக்கத்திலிருந்து வேறொரு தமனியின் நுனி,
முந்தைய படத்தில் தென்படாதது,
வளைந்து வளைந்து
அந்த ஊர்களை எட்டியிருந்தது.

அந்தத் தடத்தை யார் போட்டார்கள் என்றேன்.
சிரித்தார். டிசம்பரில் திரும்ப வரச் சொன்னார்.

வீட்டுக்கு ரயில்.
ஒவ்வொரு கவையிலும் பெட்டி ஒருமுறை குலுங்கியது.
பதினேழு வரை எண்ணினேன்.
அதற்குள் டீ வந்துவிட்டது,
கரண்டியோடு.