உள்ளேன்

தொலைபேசிக் கம்பெனியிலிருந்து கடிதம்:
செப்டம்பரோடு செம்புக் கம்பி கிடையாது.
டோர்ஷானில் கிளம்பிக் கடலடியில் இறங்கி
சுவுரோய்த் தீவின் தென்கோடி வரை போகும்
அந்த ஒற்றை வாடகை இணைப்பு
இருபத்தாறு வருடமாக
நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துளியாகச்
சொட்டிக்கொண்டிருந்தது.

அதன் அந்த முனையில்,
மீன்பதன ஆலைக்கு எதிரே,
பணம் தரும் இயந்திரம் ஒன்று.
வெள்ளிக்கிழமை மாலைகளில்
விரலில் செதில் ஒட்டியபடியே வருவார்கள்.
பொத்தான்களில் ஐந்து மட்டும் தேய்ந்து வழுக்கும்.
புதிது வாங்கப் பணமில்லை
என்றது வங்கி.
வங்கிதான் சொன்னது.

ஆகவே, நான். ரன்வா.
தோள்பையில் ஒரு சின்னப் பெட்டி,
இருபத்தைந்து ஊசி வைத்த கேபிள்,
கப்பலில் வாந்தி எடுக்க ஒரு கவர்.

பழைய இயந்திரங்களுக்கு மரியாதை அதிகம்.
நான்காம் ஊசியில் அனுப்பலாமா என்று கேட்கும்;
ஐந்தாம் ஊசியில் அனுப்பு என்று வரும்வரை
வாய் திறக்காது.
ஏழாம் ஊசி இருவருக்கும் பொதுவான தரை.
அது இல்லாவிட்டால்
எது பூஜ்யம் என்பதிலேயே தகராறு.

இணையம் சந்தைக் கூட்டம்.
பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி
ஆளுக்கொரு வழியில் ஓடவிட்டு
வந்து சேர்ந்ததை நீயே கோத்துக்கொள் என்னும்.

தலைநகரின் பெரிய கணினிக்கோ
நொடிக்கொரு தரம் பெயர் கூப்பிட வேண்டும்.
நாற்பத்தொன்று?
உள்ளேன். சொல்ல ஒன்றுமில்லை.
நாற்பத்தொன்று?
உள்ளேன். ஒன்றுமில்லை.
அரை நொடி தாமதித்தால் பெயரை அடித்துவிடும்.
சந்தையில் அரை நொடி
எந்நேரமும் தொலையக்கூடிய பொருள்.

அதற்குத்தான் பெட்டி. அங்கொன்று, இங்கொன்று.
வராதவனுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன்
குரலை மாற்றி உள்ளேன் சொல்வதுபோல
கணினியருகே இருக்கும் பெட்டி
உடனுக்குடன் சொல்லிவிடும்.
நிஜமாகவே பேச இருந்தால் மட்டும்
கடல் தாண்டும் பேச்சு.
கையேட்டில் இதற்கு கௌரவமான பெயர்:
உள்ளூர் ஒப்புதல்.

நவம்பரில் புயல்.
தீவின் தெற்கே மின்சாரம் போனதாகச் செய்தி கேட்டேன்.
அப்புறம் திரையைப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று, பச்சை.
திரையை நம்பினேன்.

நான்காம் நாள் காலை
கிளைப் பொறுப்பாளன் ஹைனி
மலையேறி சிக்னல் பிடித்து அழைத்தான்.
காற்று அவன் வார்த்தைகளில் பாதியைத் தின்றது.
"மெழுகுவத்தி… மூன்று நாளாக…
நோட்டில் கடன் எழுதிக்கொண்டிருக்கிறேன், ரன்வா.
நீங்கள் யாருமே கேட்கவில்லையே."

கேட்டோம், ஹைனி.
இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து
இருநூறு தடவை கேட்டோம்.
அத்தனை தடவையும் பதில் வந்தது
செத்துக்கிடந்த இயந்திரத்தின் பெயரில்.

பெட்டிகள் இரண்டும்
ஒன்றையொன்று நலம் விசாரிக்க
ஒரு வசதி உண்டு.
நடுராத்திரி சும்மா சும்மா மணியடிக்கிறதென்று
அதை அணைத்துவைத்தது நான்.
அறிக்கையில் அதை எழுதினேன்.
அந்த மூன்று நாளும்
நல்லாயிருக்கேன் என்று நான் யார் யாருக்கு
பதில் போட்டேன் என்பதை எழுதவில்லை.
அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது மணியடிக்கிறது.
இரவு இரண்டு நாற்பது. சிவப்பு.
காலைத் தரையில் வைத்தால் சில்லிடுகிறது.
ஒன்பது நொடி. பத்து.
பதினொன்றில் பச்சை,
அதன் பின்னாலேயே,
கடலுக்கு அடியிலிருந்து
தூக்கம் வராத யாரோ ஒருவர்:

நாற்பத்தொன்று?
உள்ளேன்.
இருநூறு குரோனா.