சிட்டை இன்னும் இருக்கிறது

ரோஹுகூலா துறையில் காற்று கூடினால்
ஹீயுமா தீவுக்குப் படகு போகாது.
படகு போகாத நாளில் டிக்கெட் எந்திரம் எனக்கு.
ஏழரைக்கே தூக்கிவந்து மேஜையில் வைத்தான் ஆய்வோ.
"மதியம்வரை வைத்துக்கொள் வில்வே" என்றான்,
கையுறையைக் கழற்றாமலே.

எந்திரத்துக்குள் எதுவும்
முதலில் சிட்டையில்தான் விழும்.
பேரேட்டில் ஏறுவது பிறகு, சாவகாசமாக.
எழுதினவர்கள் எல்லாரும் இணைப்பை மூடிப் போனபின்
கடைசியாய்ப் போகிறவர்
மிச்சத்தைப் பேரேட்டில் சேர்த்துவிட்டு
சிட்டையை அழித்துவிட்டுப் போக வேண்டும்.
ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.
எந்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

சோதனைக்குப் பயணிகள் வேண்டும். நானே படைக்கிறேன்:
எல்மார், ஒரு கார், காருக்குள் நாய்.
ஹெல்யு, இரண்டு சைக்கிள்.
பெயர் சொல்ல மறுத்த ஒருத்தி, ஆடு ஒன்று,
ஆட்டுக்குக் கட்டணம் இல்லை.

ஒழுங்காக மூடினேன்.
சிட்டை மறைந்தது. பேரேட்டில் ஆடு நின்றது.

மூடாமல் மின்கம்பியைப் பிடுங்கினேன்.
திரை செத்தது. மறுபடி உயிர் கொடுத்தேன்.
சிட்டையைத் தானே படித்துப் பார்த்து
ஆட்டைத் திருப்பித் தந்தது எந்திரம்.

பாதி எழுதும்போது பிடுங்கினேன்.
ஆடும் இல்லை, ஆட்டுக்காரியும் இல்லை.
அதுவும் சரிதான்.
ஆடு மட்டும் கரையேறியிருந்தால்தான் வம்பு.

பதினொன்றேகாலுக்கு,
நிஜமாக இரவில் எப்படி மூடுவார்களோ
அதே வரிசையில் மூடினேன்.
கவுன்ட்டர், வாயிற்கதவு, காசுப்பெட்டி,
எல்லாம் போயாயிற்று.
சிட்டை அங்கேயே கிடந்தது,
எல்லாரும் கிளம்பிய வீட்டு வாசலில்
ஒரு ஜோடி பூட்ஸ் மாதிரி.

உள்ளே யார்?

காத்திருப்புக்கூடச் சுவரில் ஒரு பலகை.
'இன்னும் 38 இடம்' என்று காட்டுமே, அது.
நாலு வருடத்துக்கு முன் ஊர்மஸ் மாட்டியது.
அது எதையும் எழுதாது. படிக்க மட்டும்தான் அனுமதி.
எல்லாருக்கும் பின்னால், மெதுவாக, அதுதான் மூடுகிறது.
படிக்க மட்டும் தெரிந்தவர் கடைசியாய்ப் போனால்
சேர்ப்பதற்குக் கை ஏது, அழிப்பதற்கு?

ஒன்றும் தொலையவில்லை.
காலையில் முதல் ஆள் எந்திரத்தைத் திறந்ததும்
சிட்டை தானாகப் பேரேட்டில் ஏறிக்கொள்ளும்.
'குறை: சிறியது' என்று அடித்துக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் உறைத்தது.
நள்ளிரவில் ஒரு நகல் போகிறது
கார்ட்லா அலுவலகத்துக்கு.
பேரேடு மட்டும்.

கார்ட்லாவில் தெக்லா இருக்கிறாள்.
வாரம் இரண்டு முறை காலையில் கூப்பிடுவாள்:
கடைசிப் படகில் இறங்கினவர்கள் அதிகம்,
உங்கள் கணக்கில் குறைவு.
நாங்கள் பார்ப்போம். எங்களிடம் சரியாக இருக்கும்.
மறுநாள் பார்த்தால் அவளிடமும் சரியாகிவிடும்.
இன்னொருமுறை எண்ணிப் பார் என்று
அவளிடம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.
இரண்டாம் வருடத்திலிருந்து
அவளுக்கு நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

போன் போட்டேன்.
பலகை, சிட்டை, நகல் என்று சுற்றிவளைத்துச் சொல்லிமுடித்தேன்.
அந்தப் பக்கம் ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம்.
"நேற்று ராத்திரி எத்தனை?" என்றாள்.
"ஆறு பேர். ஒரு வேன்."
"வேன் பச்சை" என்றாள்.

வேறெதுவும் சொல்லவில்லை.
வைக்கவும் இல்லை.
காகிதம் புரள்வது கேட்டுக்கொண்டே இருந்தது.
ஒவ்வொரு தேதியாக அவள் வாசிக்க ஆரம்பித்தபோது
காற்று இறங்கியிருந்தது.
எந்திரத்தைக் கேட்டுக் கதவருகே நின்றான் ஆய்வோ.
அவனுக்குக் கை காட்டினேன்,
இரு,
இன்னும் ஒரு இணைப்பு திறந்திருக்கிறது.