எடைச்சீட்டு

மணலி எடைமேடையில் என் இரவு ஷிப்ட்
நாலரைக்கு முடியும்.
கடைசி டிரெய்லர் இருபத்தெட்டு டன் காட்டி இறங்கியதும்
மொச்சையை ஏற்றுவேன்.
இரும்புத் தகடு குளம்புக்கடியில் டங்கென்றது
ஒரு மாதம் அவனுக்கு ஆகவில்லை.
இப்போது ஏறி நிற்கிறான்
ஒரு பின்னங்காலைத் தளர்த்தி,
ஐம்பத்தாறு சி வருமென்று நிற்கிறவன் மாதிரி.

முந்நூற்று நாற்பது கிலோ.
வண்டி எண் கட்டத்தில் மொச்சை என்று அடிக்கிறேன்.
சரக்குக் கட்டத்தை வெற்றாக விட்டால்
மெஷின் சீட்டுத் தராது.
காலி, என்று அடிக்கிறேன்.

கல்யாண சாரட்டுக்கு வாங்கிய குட்டி இவன்.
ராயபுரத்தில் முதல் ஊர்வலத்திலேயே
காதோரம் ட்ரம்பெட் பிளிற
மாப்பிள்ளையை மீன்கூடைகளுக்கு நடுவே இறக்கிவிட்டுக்
கல்மண்டபம் வரை போனவன்.
ஓட்டம் இருக்குது, புத்தி இல்ல என்று
பாதி விலைக்குத் தள்ளினார்கள்.

எனக்கு அந்த ஓட்டம் வேண்டாம்.
நான் கண் வைத்திருக்கும் பந்தயம் நாற்பது கிலோமீட்டர்.
கோட்டைத் தாண்டுவது அங்கே வருவதாகாது;
தாண்டி நின்று, சேணம் இறக்கி, தண்ணீர் ஊற்றி,
நாடி அறுபத்துநாலுக்குத் தணிந்தால்தான்
வந்ததாகவே கணக்கு.

ஆகவே ஆறு மாதமாக நடை.
லாடம் அடிக்கிற மஸ்தான் பாய்
ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு தடவை கேட்கிறார்:
குதிரைக்கு நடக்கவா கத்துத் தர்றே?
மூச்சு மூன்றே மாதத்தில் வந்துவிடும், பாய்.
எலும்பும் நரம்பும் பின்னால் வருகிறவை,
கைக்குழந்தையோடு வருகிறவர்கள் போல.
முன்னால் போன மூச்சு
அவர்களுக்காகத் தெருமுனையில் நிற்கக் கற்க வேண்டும்.

எர்ணாவூர் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில்
துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் வரிசை.
ஏர் பிரேக் புஸ்ஸென்றால் முன்பெல்லாம் சாலைக்கு நடுவே தாவுவான்;
இப்போது ஒரு காதை மட்டும் அனுப்பி விசாரிக்கிறான்.
கடலோரம் ஈரமணல் மட்டும்.
உலர்மணலில் இறங்கினால் காலுக்குக் கேடு.
இதெல்லாம் சரி.

அந்தக் குட்டைதான்.
சாம்பல் குழாய் கசிந்து தேங்கியது,
முழ அகலம் இருக்காது.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி
தலைகீழாய் அதில் நடுங்கிக்கொண்டிருந்தது.
மொச்சை நின்றான்.
குதிகாலால் சொன்னேன். நின்றான்.
கெஞ்சினேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். நின்றான்.
இறங்கிக் கயிற்றை இழுத்ததில்
உள்ளங்கை உரிந்தது மிச்சம்.

டிரெய்லர் கேபினிலிருந்து ஒரு தலை:
என்னம்மா, வண்டி ரிப்பேரா?
நெல்லூர் பக்கத்து ஆள், மூன்று நாளாக வரிசையிலாம்.
ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார்.
ரேணிகுண்டாவில் டயர் வெடித்த கதை
நன்றாகத்தான் இருந்தது.
கயிறு என் முழங்கையில் தொங்கியதையே மறந்து
பாதி டம்ளர் குடித்திருப்பேன்.
மொச்சை மூக்கைக் குனித்து
புகைபோக்கியின் மேல் ஒருமுறை ஊதினான்.
அது சிதறியது.
கால் வைத்தான். மறு கால்.
டம்ளரோடு நான் பின்னால் ஓடினேன்.

தாடைக்கடியில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன்.
அவனுக்கு நாற்பத்தெட்டு.
எனக்குத் தொண்ணூற்றிரண்டு,
பத்து நிமிடம் கழித்தும் தொண்ணூறு.

திரும்பி வந்து மேடையேற்றினால் முந்நூற்று முப்பது.
பத்துக் கிலோ வழியெல்லாம் வியர்வை.
வாளியில் உப்பும் வெல்லமும் கரைத்து வைத்தேன்.
இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கம் பிடித்து
காலை ஷிப்ட் பரிபூரணம் கேட்டான்:
காலி வண்டி எப்படிக்கா எடை குறையும்?

சொல்ல வாயெடுக்கையில் மொச்சை வாலைத் தூக்கி
மேடை மேலேயே போட்டான்.
எண் மாறவில்லை.
சரிதான், சாணியும் மேடையில்தானே இருக்கிறது என்று
முறத்தில் அள்ளி அப்புறம் கொட்டினோம்.
அப்போதும் முந்நூற்று முப்பது.
பத்துக் கிலோவுக்குக் கீழே எது போனாலும் வந்தாலும்
இந்த மேடைக்குத் தெரியாது.