ஐந்து வோல்ட்

பட்டப்பகல். பிராண்டன் நகரத்துப் பனியில்
வெயில் பட்டுக் கண் கூசுகிறது.
சாவியைத் திருப்பினால் போதும்,
எங்கள் ட்ரக் மட்டும் இருட்டிவிட்டதென்று நம்பி
விளக்கைப் போட்டுக்கொள்கிறது.
அதுவும் ஒற்றைக் கண்ணால்.
இடது விளக்கு
கந்தசஷ்டி விரதத்தின் ஆறாம் நாள் போல
சோர்ந்து, மஞ்சளாய்.

செவ்வாய் இரவு பதினெட்டாம் தெருவில்
பொலிஸ்காரி மறித்து ஒரு தாள் தந்தாள்.
பத்து நாள் தவணை.
"போன மாரிதானே கராஜில குடுத்துச் செய்விச்சனான்,
இருநூற்று நாற்பது டொலர்,
திரும்பவுமோ?" என்றார் நகுலேசன்.
சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

இன்று எனக்கு ஓய்வு நாள்.
பக்கத்து வீட்டு வில்மரிடம் இரவல் வாங்கிய மீட்டர்,
பத்தாம் நம்பர் சாவி,
பழைய இரும்புக் கடையில் பதினைந்து டொலருக்கு
வேறொரு ட்ரக்கின் நெற்றியிலிருந்து கழற்றிய சென்சர்.
பற்றரியின் கறுப்புக் கம்பியை முதலில் கழற்று
என்று எனக்கு நானே உரக்கச் சொன்னேன்.

மைனஸ் பதினெட்டில் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும்.
வயர் இழுத்து, தலைமயிர் உலர்த்துகிற மெசினால்
டாஷ்போர்டைச் சூடாக்கினேன்.
தோசை திருப்புகிற கரண்டியால் நெம்பினேன்.
(கீறல் விழுந்தது. சின்னக் கீறல்தான்.)
வந்தது: சுண்டுவிரல் நகமளவு ஒரு கண்.
இருபது வருஷம் வெயிலையே பார்த்துப்
பார்வை போன கண்.
புதியதைச் செருகி, பற்றரியைப் பூட்டி, சாவி திருப்பி
உள்ளங்கையால் மூடினேன்.
விளக்கு வந்தது.
கையை எடுத்து எண்ணினேன்.
முப்பத்தொன்றில் அணைந்தது.
இன்னொரு தரம் மூடினேன், தேவையில்லாமல்.
ஒரு கையளவு இரவு செய்யத் தெரிந்தவள் நான்
என்று இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்.

இனி இடது பக்கம்.
மீட்டரின் கறுப்பு ஊசியைப் பற்றரியில் வைத்தால் பன்னிரண்டு.
விளக்கின் எர்த் கம்பியில் வைத்தால் ஏழு.
ஐந்து வோல்ட் இடையில் எங்கோ போகிறது.
விரல் விறைக்க விறைக்கக்
கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்,
பம்பருக்குப் பின்னால், உப்பும் துருவும் பூத்த இடம்வரை.

அங்கே ஒரு ஒட்டு. சோல்டர் இல்லை, கிளிப் இல்லை.
வெறும் முறுக்கு, அதற்கு மேல் டேப்.
எந்த மடையன் செய்த வேலை
என்று வாய்விட்டுத் திட்டினேன்.
திட்டி முடிக்கவில்லை,
டேப்பின் நிறம் பார்த்தேன்.
சிவப்பு.
கோடையில் டெனிஸ் பந்துக்குச் சுற்றுகிற சிவப்பு.
நிலவறையில் மூன்றாவது லாச்சியில் இருக்கிறது மிச்சச் சுருள்.
முறுக்கைப் பார்த்தேன்.
அரிசிப் பையின் வாயை இடப்பக்கமாய் முறுக்கி
நுனியை உள்ளே செருகுவாரே,
அதே முறுக்கு.

நடந்து போன ஒரு சனம் நின்று பார்த்ததாம்.
நான் கவனிக்கவில்லை.

பிறகு வெட்டினேன்.
பச்சை பிடித்த செம்பைச் செம்பு தெரியுமட்டும் சுரண்டினேன்.
புது வளையம், உப்புத்தாள் தேய்த்த தகரம்,
இறுக்கிய ஆணி, மேலே கிறீஸ்.
சுருங்குகிற குழாயைச்
சாமி விளக்கு ஏற்றுகிற லைட்டரால் சுட்டேன்.
பதினொன்று தசம் ஒன்பது.
அந்த ஐந்தும் ஏறக்குறைய வந்துவிட்டது.

ஆறு மணிக்கு வந்தவர்
கராஜ் கதவில் விழுந்த இரண்டு வட்டங்களையும்
கொஞ்ச நேரம் பார்த்தார்.
இடது வட்டம் ஒரு சாண் உயரம்.
அதை நாளைக்குச் சரிசெய்ய வேண்டும்.

"ஆர் செய்தது?"
"கராஜில குடுத்தனான்."
"எவ்வளவு?"
சோற்றில் குழம்பு விட்டபடி சொன்னேன்,
"இருநூற்று நாற்பது."

அவர் ஒரு கவளத்தை
நெடுநேரம் மென்றார்.
"பறவாயில்லை," என்றார்,
"நல்லாத்தான் செய்திருக்கிறாங்கள்."

ஏப்ரன் பைக்குள்
சிவப்பு டேப் துண்டு
விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.