மூன்று துவாலைகள்

ஞாயிறு காலை மினிபஸ் டாக்சியில்
ஜன்னலோரம் கிடைப்பது அரிது.
நடுவில் நெருக்கிக்கொண்டு போகிறேன்.

வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
மனிதர்கள் விட்ட ரத்தம், வாந்தி, பனிக்குட நீர்.
ஏழாம் நாள் சம்பளமில்லாமல்
பெங்குவின் எச்சம்.

"அங்கே போய் என்ன செய்கிறாய்?"
தங்கை ஸோலேகா கேட்டாள்.
துவைக்கிறேன்.
"இங்கே செய்வதும் அதுதானே."
பிறகு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்:
"நம் தெருவில் பசித்தவர்களெல்லாம் தீர்ந்துவிட்டார்களா?"

பதில் தெரியவில்லை.
கேள்வியை மடியில் வைத்துக்கொண்டு
கடற்கரைச் சாலை முழுக்கப் பயணம் செய்தேன்.

எங்கோ ஒரு கப்பல் கசிந்த வாரம் அது.
கூடம் நிறையப் பறவைகள்.
கறுப்பும் வெள்ளையுமான உடம்பில்
வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.
பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பல் துலக்கும் பிரஷுமாக
ஒன்றுக்கு ஒரு மணி நேரம்.
அவை கத்தும் கத்தலில் கழுதை தோற்றுப்போகும்.
கல்லூரிப் பையன் ரியான்
கடி வாங்கிய மணிக்கட்டை
எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

என்னை எதுவும் கடித்ததில்லை.
ஒரு பறவையையும் நான் தூக்கியதில்லை.
என் கைக்கு வருவது
அவை உதறிவிட்டுப் போன துவாலைதான்:
எண்ணெய், மத்தி மீன் செதில், பச்சை எச்சம்.
பின்கட்டில் மூன்று மெஷின்கள்;
ஒன்று எப்போதும் பழுது.

மூட்டை மூட்டையாக வரும் பழைய துவாலைகளில்
ஊரே இருக்கிறது.
ஓட்டல் பெயர் பின்னியது,
ரக்பி கிளப் கோடு போட்டது,
யாருடைய கல்யாணத்துக்கோ வந்து
பிரிக்கப்படாமலே கிடந்தது,
வாத்து படம் போட்ட குழந்தைத் துவாலை ஒன்று.

அன்று வந்த மூட்டையில்
நீலக் கோடு.
மூலையில் முத்திரை.
எங்கள் ஆஸ்பத்திரி.
நான் தேய்த்து மடித்த மடிப்பு இன்னும் விடவில்லை.
எண்ணினேன். மூன்று.

போன ஜூனில் குறைந்ததும் மூன்று.
மேற்பார்வையாளர் என் பையை மேசைமேல் கவிழ்த்தார்:
ஒரு ஆரஞ்சு, பஸ் சில்லறை, மாத்திரை அட்டை.
ஒன்றும் கிடைக்கவில்லை.
ஆனாலும் சம்பளத்தில் பிடித்தார்கள்.

மூட்டையைக் கொண்டுவந்தவர்
வெள்ளி நிறக் கார் அம்மா.
மாதம் தவறாமல் மத்திக்குப் பணம் தருபவர்.
கையில் ஊன்றுகோல்.
இடுப்பு அறுவை முடிந்து கிளம்பும் அவசரத்தில்
மகளோ யாரோ பெட்டிக்குள் திணித்திருக்கலாம்.
திணிக்காமலும் இருந்திருக்கலாம்.
"உதவுமா?" என்று கேட்டார்.
"உதவும் அம்மா" என்றேன்.

ஹெட்டி நன்கொடைப் பலகையின் முன்
சாக்பீஸோடு நின்றாள்.
மீதி மூட்டைக்கு அந்த அம்மாவின் பெயர்.
"இந்த மூன்று?"
"என் பெயர் எழுது. நொலுவோ."
ஹெட்டி என்னைப் பார்த்தாள். முத்திரையைப் பார்த்தாள்.
எழுதினாள்.

மதியம் இருநூற்றுப் பதினான்காம் எண் பறவையை
அதில் ஒன்றில் சுற்றி எடுத்துப்போனார்கள்.
குழாயில் கூழ் ஊட்டி முடிப்பதற்குள்
முத்திரை மேலேயே எச்சமிட்டது.
நீதி என்று சொல்ல மாட்டேன்.
அதற்கு வேறு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

துவைத்தேன்.
தென்கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு போகாமல்
ஒவ்வொன்றுக்கும் மூன்று கிளிப் போட்டேன்.
ஆஸ்பத்திரியில்கூட
இவ்வளவு வெள்ளையாக அவை இருந்ததில்லை.

மாலை டாக்சியில்
மீன் வாடை தாங்காமல்
பக்கத்து ஆள் எழுந்து பின்னால் போனார்.
நகர்ந்து உட்கார்ந்தேன்.
ஸோலேகாவின் கேள்வியும் நகர்ந்து
பக்கத்தில் உட்கார்ந்தது.
ஜன்னலோரம் எனக்கு.